நெஞ்சு விடும் தூது

தூது என்பது தமிழில் ஒரு தனிப் பிரபந்தம். கிளி, அன்னம், மேகம், தென்றல், தமிழ், நெஞ்சு முதலியவற்றைத் தூதாக விடுத்தல் நம் புலவர்தம் மரபு. உமாபதி சிவாசாரியார் இயற்றிய 'நெஞ்சுவிடு தூது' கற்றோர் அறிந்த நூல். அங்கே நெஞ்சு தூதாகச் செல்கின்றது. இக்காலத்திலோ நெஞ்சே தூது விடுக்கின்றது. இருதய நோயாளியின் மார்பில் ஒட்டப்பெற்ற சிறு பட்டையொன்று, அவர்தம் நாடித் துடிப்பையும், மூச்சின் விரைவையும், உடலின் அசைவையும், உறங்கும்போது கிடக்கும் கிடையையும் இடைவிடாது அளந்து, கைத்தொலைபேசி வழியாகத் தொலைவிலுள்ள வைத்தியருக்கு அறிவிக்கின்றது. உணரி என்று இக்கருவியை வழங்குவர்.

தூது இலக்கியத்துக்கு ஓர் இலக்கணம் உண்டு. சென்ற தூது செய்தியைச் சொன்ன அளவில் கடமை முடிந்ததாகாது. தலைவனிடம் மாலை வாங்கி மீளுதல் வேண்டும். மாலையின்றி வந்த தூது வீண் தூது. மேலைநாடுகளில் விரைந்து பரவிவரும் இப்புதிய மருத்துவ முறையை ஆராய்வார்க்கு இவ்விலக்கணமே நல்ல அளவுகோலாகும் என்பது எம் கருத்து. எங்ஙனமென்பதை ஈண்டு விரிப்பாம்.

வீடு திரும்பிய பின்

முதற்கண் நோயின் தன்மையை அறிதல் வேண்டும். இருதயச் செயலிழப்பு என்னும் பெயரைக் கேட்டோர், இருதயம் திடீரென நின்றுவிடுதல் என்று மயங்குவர். மாரடைப்பு வேறு, இது வேறு. மாரடைப்பினாலோ, நெடுநாட் குருதியமுக்கத்தினாலோ, வேறு காரணத்தினாலோ தளர்ந்த இருதயம், உடலுக்கு வேண்டிய அளவு குருதியை உந்த வலியற்றுப் போதலே இருதயச் செயலிழப்பு. அந்நிலையில் உடலில் உப்பும் நீரும் தேங்கும். கால் வீங்கும், வயிறு உப்பும், சுவாசப் பையில் நீர் கோத்து மூச்சு முட்டும். நிமிர்ந்து படுக்க இயலாது தலையணைக்கு மேல் தலையணை அடுக்குவர். சித்த மருத்துவர் சோபை எனக் கூறும் வீக்க நோயில் ஒரு பகுதி இதுவே. நம் ஊரில் இதனை வெறும் முட்டு வருத்தம் என எண்ணிக் காலங்கடத்துவாரும் உளர்.

வைத்தியசாலையில் நோயாளி சேர்ந்ததும் ஊசி வழியாக மருந்தேற்றி மிகைநீரை வெளியேற்றுவர். சில நாளில் வீக்கம் வற்றும், மூச்சுச் சீராகும், துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்புவர். பிழைத்தேன் என்று அவரும், பிழைத்தார் என்று சுற்றத்தாரும் மகிழ்வர். ஆயின் இந்நோயில் மிக அஞ்சத்தக்க காலம் அப்போதுதான் தொடங்குகின்றது.

நமக்கு அண்மையிலுள்ள கேரள நாட்டிற் கிடைத்த சான்றொன்றைக் காண்க. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2013 ஆம் ஆண்டில் 18 வைத்தியசாலைகளிற் சேர்ந்த 1205 இருதயச் செயலிழப்பு நோயாளரை ஒரு பதிவேட்டிற் குறித்து, ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்து ஆராய்ந்தனர். வைத்தியசாலையிலேயே இறந்தவர் நூற்றுக்கு 8.5 பேர். ஐந்தாண்டு முடிவிலோ நூற்றுக்கு 59 பேர் இறந்துவிட்டனர். இவர்களின் சராசரி வயது 61 அளவே. முறையாகக் கொடுக்க வேண்டிய மருந்துகள் அனைத்தும் கிடைத்தவர் நாலிலொரு பங்கினர் மாத்திரமே. உணவும் வெயிலும் வாழ்வும் நம்மை ஒத்த மக்களிடையே கண்ட கணக்காதலின், இஃது நமக்கும் எச்சரிக்கையாகும். இறந்தோருட் பெரும்பாலார் வைத்தியர் கண்முன் இறந்திலர். வீடு திரும்பிய பின்னரே இறந்தனர்.

ஓசையின்றி வரும் பகை

இந்நோய் மீண்டும் முற்றுங்கால் ஒருநாளில் முற்றுவதில்லை. மூச்சுத் திணறி வைத்தியசாலைக்கு ஓடிவரும் நாளுக்கு ஒரு கிழமைக்கு முன்னரே பலருடைய உடல் நிறை ஏறத் தொடங்குகின்றது என 2007 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. நிறை ஏறுவதற்கும் முன்னரே நெஞ்சினுள்ளே அமுக்கம் உயர்ந்துவிடுகின்றது. நோயாளியோ ஒன்றும் உணரார். பகைவன் மதிலின்கீழ்ச் சுரங்கம் அகழும்போது அரண்மனையில் அமைதியே நிலவும் அன்றோ? அந்த ஒரு கிழமையில் அறிந்தால், சிறுநீர் பெருக்கும் மாத்திரையின் அளவைச் சற்றே கூட்டி, உப்பைக் குறைத்து, நோயை வீட்டிலேயே தணித்துவிடலாம். உணரியை ஆக்கியோரின் நோக்கம் அந்த ஒரு கிழமையைக் கைப்பற்றுதலேயாகும்.

கருவியின் வரலாறு

நெஞ்சின் செய்தியைத் தொலைவுக்கு அனுப்பும் எண்ணம் புதிதன்று. ஒல்லாந்து தேசத்து லைடன் நகரில் ஐந்தோவன் என்னும் அறிஞர் இருதயத்தின் மின்னோட்டத்தை வரையும் கருவியொன்றை அமைத்தார். அது ஏறக்குறைய 270 கிலோகிராம் நிறையுடையது. இயக்குவதற்கு ஐவர் வேண்டும். அதனை நோயாளியிடம் கொண்டுசெல்லல் இயலாதாகலின், 1905 இல் வைத்தியசாலைக்கும் தம் ஆய்வுகூடத்துக்கும் இடையே ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம் தொலைபேசிக் கம்பியைத் தொடுத்து, நோயாளியின் நெஞ்சுத் துடிப்பைத் தம் இருக்கையிலிருந்தே வரைந்தெடுத்தார். 1924 இல் நொபெல் பரிசு அவரை அடைந்தது. பின்னர் அமெரிக்கராகிய நோர்மன் ஹோல்டர் 1940களின் இறுதியில் முதுகிற் சுமந்து நடக்கத்தக்க வானொலிக் கருவியொன்றை ஆக்கினார். அதன் நிறை 38 கிலோகிராம். ஒரு மூடை நெல்லைச் சுமந்தாற்போல நெஞ்சின் செய்தியைச் சுமந்த காலம் அது. இன்று அச்சுமை தபால் முத்திரைகள் சிலவற்றை அடுக்கிய அளவுக்குச் சுருங்கிவிட்டது.

வைத்தியசாலையினின்றும் வீடு திரும்புவோர்க்கு இப்பட்டை எங்ஙனம் உதவும் என்பதை அமெரிக்க முன்னாட் படைவீரர்க்குரிய வைத்தியசாலைகள் நான்கில் ஆராய்ந்து 2020 இல் முடிவை வெளியிட்டனர். நோயாளர் 100 பேர். வெளியேறிய நாள் தொட்டு மூன்று மாதம் வரை மார்பிற் பட்டை அணிந்தனர். ஒவ்வொருவருக்கும் இயல்பாயுள்ள துடிப்பும் மூச்சும் அசைவும் எவையெனக் கணினி தானே கற்றுக்கொள்ளும். அவ்வியல்பினின்றும் உடல் விலகத் தொடங்கின் எச்சரிக்கை எழுப்பும். இருதயச் செயலிழப்பு மீண்டும் முற்றி வைத்தியசாலை சேரவிருந்தோருள் நூற்றுக்கு 76 முதல் 88 வரையானோரை அது முன்கூட்டியே இனங்கண்டது. எச்சரிக்கைக்கும் மறுபடி சேர்தலுக்கும் இடைப்பட்ட காலம் நடுத்தரமாக ஆறரை நாள். மேற்கூறிய ஒரு கிழமை இங்கே கைக்கெட்டியது எனலாம்.

ஆயினும் ஒன்று நோக்கத்தக்கது. அவ்வாய்வில் எச்சரிக்கையைக் கொண்டு எவரும் மருந்தை மாற்றவில்லை. கருவி முன்னறியுமா என்பதே வினாவாக இருந்தது. உயிர் காக்குமா என்பது வினாவன்று. சுவாசப் பையிலுள்ள நீரை வானொலி அலையால் அளக்கும் வேறொரு பட்டையைக் கொண்டு வைத்தியர் சிகிச்சையை மாற்றியமைத்தபோது, 90 நாளினுள் மறுபடி வைத்தியசாலை சேரும் அபாயம் நூற்றுக்கு 38 பங்கு குறைந்ததென 2023 இல் அமெரிக்க இருதய வைத்தியர் மாநாட்டில் அறிவித்தனர். மகிழ்தற்குரிய செய்தியே, ஆயினும் நோயாளரைக் குலுக்கல் முறையிற் பிரித்துச் செய்யாத ஆய்வாதலின், அதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது.

ஒரே செய்தி, இருவேறு விளைவு

இனி, செய்தி அனுப்புவதனாலேயே உயிர் காக்கப்படுமா என்னும் வினாவுக்கு வருவோம். உணரிப் பட்டைக்கு முன்னரே, வீட்டிலிருந்து செய்தி அனுப்பும் எளிய முறைகளைக் கொண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன. அவற்றுள் இரண்டு நமக்குப் பாடமாவன.

முதலாவது, அமெரிக்காவில் நடைபெற்று 2010 இல் வெளிவந்தது. அண்மையில் இருதயச் செயலிழப்பால் வைத்தியசாலை சேர்ந்திருந்த 1653 பேர் பங்கு கொண்டனர். அவருட் பாதிப்பேர் நாள்தோறும் தொலைபேசியில் இயந்திரக் குரலொன்றுக்குத் தம் நிறையையும் குறிகளையும் அறிவித்து வந்தனர். அறிவித்தவற்றை வைத்தியர் பின்னர் பார்வையிட்டனர். ஆறு மாத முடிவில், மறுபடி வைத்தியசாலை சேர்ந்தவர் அல்லது இறந்தவர் செய்தி அனுப்பியோரில் நூற்றுக்கு 52.3, அனுப்பாதோரில் 51.5. யாதொரு நன்மையும் விளைந்திலது. ஏழிலொருவர் அத்தொலைபேசியை ஒருநாளும் எடுத்தாரிலர். நாளடைவிற் பலர் கைவிட்டனர். மறுமொழி கூறும் மனிதக் குரல் ஒன்றில்லாவிடத்து மனிதன் எத்தனை நாள் பேசிக்கொண்டிருப்பான்?

இரண்டாவது, ஜேர்மனியில் நடைபெற்று 2018 இல் வெளிவந்தது. 1571 நோயாளர் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினர் வீட்டிலிருந்தபடியே நிறை, குருதியமுக்கம், இருதய மின்வரைபு, ஒட்சிசன் அளவு ஆகியவற்றை நாள்தோறும் பேர்லின் நகரத்து நிலையமொன்றுக்கு அனுப்பினர். அந்நிலையத்திலே வைத்தியரும் தாதியரும் இரவு பகல் 24 மணி நேரமும் விழித்திருந்தனர். எண் பிறழ்ந்தால் நோயாளியை உடனே தொலைபேசியில் அழைத்தனர். அவருடைய ஊர் வைத்தியரோடு கலந்து மருந்தை மாற்றினர். விளைவு யாது? நூறு நோயாளரை ஓராண்டு வைத்து நோக்கின், வழக்கமான சிகிச்சை பெற்றோருள் 11.3 பேர் இறக்க, கண்காணிக்கப்பட்டோருள் 7.9 பேரே இறந்தனர். இதன்பின் 2020 டிசம்பரில் ஜேர்மனிய மக்கட் காப்புறுதித் திட்டத்திலேயே இம்முறை சேர்க்கப்பெற்றது.

ஜேர்மனிய நிலையத்தில் அளவைகள் சில மிகுதியாக இருந்தன என்பது உண்மையே. நாம் கருதுமிடத்து, பெரிய வேற்றுமை அளவையில் இல்லை. மறுமுனையில் இருந்த செவியில் உள்ளது. ஒன்றில் செய்தி சென்று கிடந்தது. மற்றொன்றில் செய்தியைக் கேட்டு, பொறுப்பேற்று, மறுமொழி சொல்ல ஒருவர் இருந்தார். மாலை வாங்கி மீண்ட தூது அதுவே. ஐந்தோவனின் கம்பியும் பயன்பட்டமைக்குக் காரணம், அதன் மறுமுனையில் ஐந்தோவனே அமர்ந்திருந்தமையன்றோ!

வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குங்கால், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தார். நோயாளி, வைத்தியன், மருந்து என்பவற்றோடு, அருகிலிருந்து பணிபுரிவோனையும் நான்காவதாக எண்ணினார். நோயாளி வீடு திரும்பும் கணத்தில் அந்நான்காமவன் மறைந்துபோகின்றான். உணரி அவனுக்குக் கண்ணாகலாம். அவனே ஆதல் இயலாது.

நம் கரையிலே

இனி நம் நிலைமையை நோக்குவோம். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை நீளும் இக்கடற்கரையில் ஆதார வைத்தியசாலைகள் உள்ளன. இலவச மருத்துவம் உள்ளது. பாலமுனை போன்ற சிற்றூர்களிலும் கைத்தொலைபேசி இல்லாத வீடு அரிது. ஆதலின் இத்தகைய கருவி இங்கு வாராது என்று எண்ணுதல் பொருந்தாது. இன்றில்லாவிடினும் நாளை வரும். விற்பனையாளர் வழியாகவேனும் வரும். வருமுன் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் சில உள.

முதலாவது, கருவி யாரைக் கண்டு கற்றது? மேற்கூறிய படைவீரர் ஆய்வில் நூற்றுக்கு 98 பேர் ஆண்கள். நம் வீடுகளிலே அடுப்படியில் நின்று மூச்சிரைக்கும் தாய்மாரின் நெஞ்சை அக்கணினி கண்டதில்லை. விரலிற் பொருத்தி ஒட்சிசன் அளக்கும் கருவி, வெள்ளை நிறத்தாரைக் காட்டிலும் கருநிறத்தாரிடத்தில் ஒட்சிசன் குறைவைத் தவறவிடுதல் ஏறத்தாழ மும்மடங்கு என்று 2020 இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். நம் நிறத்துக்கும் நம் வெயிலின் வியர்வைக்கும் ஏற்ப இங்கேயே சோதித்தறியாது எக்கருவியையும் நம்புதல் அறிவுடைமையாகாது.

இரண்டாவது, நம் வாழ்வின் ஒழுங்கு. நாள்தோறும் ஐவேளை வுழூவும் தொழுகையும் உடையோம். அவை நாளும் நிகழ்வனவாதலின் கணினி அவற்றை இயல்பெனக் கற்றுக்கொள்ளக்கூடும். ஆனால் றமழான் மாதத்தில் உறக்கம், உணவு, நீர், மருந்து வேளை அனைத்தும் ஒருங்கே மாறுகின்றன. அம்மாற்றத்தை நோயென்று கருதிக் கருவி ஓயாது கூவுமா? அன்றி உண்மையான நோயை நோன்பின் மாற்றமென்று எண்ணி வாளாவிருக்குமா? ஓயாது கூவும் கருவியை எவரும் செவிமடுக்கமாட்டார். நோயுற்றோர்க்கு மார்க்கம் சலுகை அளித்திருக்கின்றது. அச்சலுகையை ஏற்க மனமின்றித் தாமே மாத்திரையை ஸஹர் வேளைக்கும் நோன்பு திறக்கும் வேளைக்கும் மாற்றிக்கொள்வார் பலர். சிறுநீர் பெருக்கும் மாத்திரையை அங்ஙனம் மாற்றுமுன் வைத்தியரைக் கேட்டல் கட்டாயம். இதனைக் கருவி சொல்லாது. அருகிலுள்ள மனிதரே சொல்லல் வேண்டும்.

மூன்றாவது, மொழி. வைத்தியசாலையிற் கொடுக்கும் நோய் விபர அட்டை பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளது. கருவியின் எச்சரிக்கையும் ஆங்கிலத்தில் வருமாயின், படித்த பிள்ளை பாடசாலையினின்றும் வரும்வரை நோயாளி காத்திருக்கவேண்டியதுதான். 'மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் நிறை கூடினாலும், கால் வீங்கினாலும், இரவில் எழுந்து உட்கார வேண்டியிருந்தாலும் உடனே அறிவியுங்கள்' என்னும் ஒரு வாக்கியத்தைத் தெளிந்த தமிழில் அச்சிட்டுக் கொடுப்பதற்கு எந்த உணரியும் வேண்டா. கருவாடும் அச்சாறும் ஏன் ஆகா என்பதனை விளக்கும் வாக்கியம் இன்னொன்று. தமிழ் கற்றோர் மருத்துவத்துக்குச் செய்யத்தக்க தொண்டு இத்துறையில் மிக உண்டு.

செய்யத்தக்கது யாது?

மனிதச் செவியை அமைத்தல் வறிய நாட்டுக்கு இயலாதென்பர் சிலர். நம் நாட்டு வரலாறே அதனை மறுக்கின்றது. 1926 இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய காலந்தொட்டு, வீடுதோறும் சென்று கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் கண்ட மருத்துவ மாதர், தாய்மாரின் உயிரிழப்பைக் குறைத்தமை உலகம் வியந்த செய்தி. அண்மைச் சான்றும் உண்டு. இலங்கை, வங்காளதேசம், பாக்கிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளின் 30 கிராமியப் பகுதிகளில் 2645 குருதியமுக்க நோயாளரிடையே நடந்த ஆய்வொன்று 2020 இல் வெளியாயிற்று. ஊர்ச் சுகாதார ஊழியர் வீடுகளுக்குச் சென்று குருதியமுக்கம் அளந்து, அறிவுரை கூறி, வேண்டியவரை வைத்தியரிடம் அனுப்பினர். இலங்கையில் அப்பணியை ஆற்றியோர் இம்மருத்துவ மாதரே. இரண்டாண்டில், ஊழியர் சென்ற பகுதிகளில் மேலமுக்கம் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் 5.2 அலகு மிகுதியாகக் குறைந்தது. நோய் வேறாயினும் முறை ஒன்றே: வீடு தேடி வரும் ஒருவர், அளக்கும் எளிய கருவி, பின்னிற்கும் வைத்தியர்.

மருத்துவ மாதரின் தோளில் ஏற்கனவே சுமை மிகுதி. அதன்மேல் இதனையும் ஏற்றுதல் முறையன்று என்று கூறுவார் கூற்றில் நியாயம் உண்டு. ஆதலின் ஆதார வைத்தியசாலை ஒவ்வொன்றிலும் இருதயச் செயலிழப்பு நோயாளர்க்கெனப் பயிற்றப்பட்ட தாதி ஒருவரும், அவர்க்கென ஒரு தொலைபேசி எண்ணும் முதலில் வேண்டும். வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் நிறை பார்க்கும் தராசும், நாள்தோறும் நிறை குறிக்கும் கொப்பியும் அடுத்து வேண்டும். தராசு வாங்க இயலாதார்க்குப் பள்ளிவாசல் நிருவாகமோ சனசமூக நிலையமோ உதவலாம். நிறை பார்த்துக் கொப்பியில் எழுதுதல் நம் மாணவர் தம் பாட்டன் பாட்டிமார்க்கு எளிதிற் செய்யக்கூடிய பணி. இவ்வளவும் நிலைபெற்ற பின், அபாயம் மிகுந்த முதல் 90 நாளுக்கு மாத்திரம், மிக நலிந்தோர்க்கு உணரிப் பட்டையைக் கொடுத்துச் சோதித்தல் தகும். அப்பொழுது தூது செல்லும் இடத்தில் தலைவன் இருப்பான்.

வரிசை மாறினால் வருவது யாதெனவும் எண்ணிப் பார்க்க. 2022 இல் நாட்டிலே நாளொன்றுக்கு 13 மணி வரை மின்வெட்டு இருந்ததும், இன்றியமையா மருந்துகள் கிட்டாது நோயாளர் அலைந்ததும் எவரும் மறந்திலர். மாத்திரை இல்லாத வீட்டில் மார்பின் உணரி நோய் முற்றுவதைத் துல்லியமாக அளந்து காட்டும், அவ்வளவே. கண்டும் உதவ இயலாத அறிவு, காணாமையினும் கொடியது.

இன்னும் ஒரு கருத்து எஞ்சியுள்ளது. நெஞ்சின் செய்தி யாருக்கு உரியது? உறக்கம், நடை, மூச்சு அனைத்தையும் அறிந்த கருவி மனிதனின் அந்தரங்கம் முழுதும் அறிந்ததாகும். அச்செய்தி வைத்தியரிடம் மாத்திரம் செல்கின்றதா, கருவி விற்ற நிறுவனத்திடமும் காப்புறுதி விற்போரிடமும் செல்கின்றதா என்று கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. 2022 இன் 9 ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நம் பாராளுமன்றத்தில் நிறைவேறியுள்ளது. சட்டம் நூலில் இருத்தல் போதாது. ஒப்பம் இடுமுன் என்ன எழுதியிருக்கின்றது என்பதை நோயாளிக்கு அவர்தம் மொழியில் வாசித்துக் காட்டும் வழக்கமும் உண்டாதல் வேண்டும்.

கருவியை இகழ்தல் எம் நோக்கமன்று. நிபுணர் அருகியும் நோயாளர் பெருகியும் உள்ள இக்கரைக்கு, ஒரு தாதி நூறு வீடுகளின் நெஞ்சொலியை இருந்த இடத்திலிருந்து கேட்கும் வாய்ப்பு பேருதவியே. ஆயின் கேட்பவர் இருத்தல் வேண்டும்; கேட்டபின் எழுந்து நடப்பவர் இருத்தல் வேண்டும்; நடந்து வந்தவர் கையிலே மருந்து இருத்தல் வேண்டும். இம்மூன்றையும் அமைத்த நாட்டில் பழைய தராசும் உயிர் காக்கும். புதிய உணரியும் உயிர் காக்கும். இவை அமையாத நாட்டில், நெஞ்சு விடும் தூது வாயிலில் நின்று கூவிக்கொண்டேயிருக்கும். மாலை கொடுப்பார் எவரும் வாரார்.